கடைசியாக வந்த பதில்

ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தாழ்ப்பாள் என்று பேர். சம்பளச் சீட்டில் இருக்கிற பேரைச் சொன்னால் வாட்ச்மேனுக்கே ஆள் தெரியாது. பேர் வைத்தது கீழ்த்தள லேபில் இருக்கிற அக்கா, எல்லாருக்கும் லேப் அக்கா. யாராவது அறைக்குள் வந்து கதவைச் சாத்தாமல் உட்கார்ந்துவிட்டால் இவனுக்கு இருப்புக் கொள்ளாது. பேச்சுக்கு நடுவில் எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்தால்தான் அடுத்த வார்த்தை காதில் ஏறும். ஒருமுறை டைரக்டர் வாசலில் நின்று எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும் முன்பே இவன் போய்க் கதவைச் சாத்திவிட்டான். மனிதர் உள்ளே நிற்கிறாரா வெளியே நிற்கிறாரா என்றுகூடப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்குப் பெண் தேடிய காலத்தில், போன வீட்டில் பின்கதவு திறந்து கிடக்கிறது என்று பெண்ணின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தவன். அந்தச் சம்பந்தம் என்ன ஆயிற்று என்று வேறு சொல்ல வேண்டுமா. அதற்குப் பிறகு அவன் தேடவும் இல்லை.

அவன் வேலையும் ஏறக்குறைய அதே ரகம்தான். வார்டு கம்ப்யூட்டர்கள், மருந்து ஃபிரிட்ஜுகள், ஆக்ஸிஜன் அளவு என்று ஆஸ்பத்திரியில் கேபிள் மாட்டிய எல்லாவற்றையும் ஒரே பலகையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பலகை என்பது சுவரில் மாட்டிய பெரிய டிவி. அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். நலமாக இருந்தால் பச்சை, இழுத்துக்கொண்டிருந்தால் மஞ்சள், படுத்துவிட்டால் சிவப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படித்தான் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பான். அதிலும் வலதுபக்க ஓரத்தில் இருந்த ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் கண் மற்ற இடத்துக்கே போகும். கீழ்த்தளத்தில் கரு வங்கி இருக்கிறது. அங்கே உறையவைத்த கருக்களைத் திரவ நைட்ரஜனில் மூழ்கவைத்திருக்கும் தொட்டி ஒன்று. அந்தத் தொட்டியின் கட்டம் அது.

அதில் அவன் தங்கையின் பிள்ளைகள் இருந்தார்கள்.

தங்கையை விட்டால் அவனுக்கு வேறு நாதியில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுவான், முப்பது தாண்டிய பிறகும். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபிறகு அவளைப் படிக்கவைத்தான், கட்டிக்கொடுத்தான், மாப்பிள்ளையையும் சேர்த்துத் தன் வீட்டு மாடியிலேயே குடிவைத்துக்கொண்டான். வீட்டுக்குள்ளேயே மாடிக்குப் படி. படியின் உச்சியில் ஒரு கதவு, இந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள், அந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள். ஜன்னல் கொக்கி வரைக்கும் தினம் தடவிப் பார்த்துவிட்டுப் படுக்கிறவன் அந்த ஒரு கதவை மட்டும் பூட்டியதே இல்லை. அவளும் பூட்டியதில்லை. அவள் பக்கத்துத் தாழ்ப்பாள் மேல் பெயிண்ட் அடித்து அடித்து அது கதவோடு ஒட்டியே போய்விட்டது.

கல்யாணமான புதிதிலேயே அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மருந்து ஏற்றினால் பிழைத்துக்கொள்வாள், ஆனால் அதற்கப்புறம் கருமுட்டை என்று ஒன்று மிஞ்சாது என்று சொல்லிவிட்டார். அதனால் மருந்துக்கு முன்னால் முட்டையை எடுத்து, கருவாக்கி, உறையவைத்தார்கள். தேறியது மூன்று. மொட்டைத் தலையோடு சுருண்டு கிடந்த நாட்களில் அவள் அந்த மூன்றுக்கும் பேர் வைத்துவிட்டாள். பெரியவன், நடுவுலது, கடைக்குட்டி. பெரியவனுக்கு அப்பா மூக்கு வந்துவிடக் கூடாதே என்பது அவளுடைய பெரிய கவலை. மாப்பிள்ளை பாவம், கண்ணாடியில் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வான்.

சாயங்காலம் அண்ணன் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் மாடி பால்கனிக்கு வந்துவிடுவாள்.

"அண்ணா, பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

"பச்சை, பாப்பா."

அவ்வளவுதான். அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எழுந்து நிற்கத் தெம்பில்லாத நாட்களில் மாப்பிள்ளையை அனுப்பிக் கேட்டுவரச் சொல்வாள். நோய் நீங்கி, முடி வளர்ந்து, மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. இப்போது டாக்டரும் சம்மதித்துவிட்டார், அடுத்த மாதம் பெரியவனை வயிற்றில் வைக்கலாம் என்று. அவள் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைக்கத் தொடங்கியிருந்தாள். இன்னும் உள்ளேயே போகாத பிள்ளைக்கு இப்போதே துணியா என்று மாப்பிள்ளை கிண்டல் பண்ணினால், உன் மூக்கைத் துடைக்கவாவது ஆகட்டும் என்பாள்.

நடுவில் ஒரு சம்பவம் நடந்தது, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சிகிச்சை நடந்துகொண்டிருந்த நாட்களில், மருந்து ஏற்றி முடிந்ததும் அவள் அண்ணன் அறைக்கு வந்து பலகையைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். ஒருநாள் அவள் உள்ளே வந்த நேரம் அந்தக் கட்டம் சிவப்பாக நின்றது. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே பல்பு மாற்ற வந்தவன் ஏணியால் இடித்ததில் கேபிள் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அது தெரிவதற்குள் அவள் ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே சாய்ந்தாள். மேஜை முனை நெற்றியைக் கிழித்தது. மருந்து ஏறிய உடம்பு, ரத்தம் நிற்கவே இல்லை. தையல் போடுகிற வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கே அவன் பலகையை ஓட்டுகிற புரோகிராமில் தானே நாலு வரி எழுதிச் சேர்த்தான். தொட்டியிலிருந்து பதில் வராவிட்டால் சிவப்பு காட்டாதே, கடைசியாக வந்த பதிலையே காட்டிக்கொண்டிரு. கேபிள் தளர்ந்தால் என்ன, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடப் போகிறது, அதற்குள் ஒரு பெண் ஏன் செத்துப் பிழைக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றது. யாரிடமும் சொல்லவில்லை, லேப் அக்காவிடம்கூட. பிறகு அவனே அதை மறந்தும் போனான்.

இனி அந்த மென்பொருளுக்கு வருவோம். பலகையை ஓட்டுகிற கண்காணிப்பு மென்பொருள் ஒரு கம்பெனியிலிருந்து தயாராகக் கட்டி வருவது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அது ஒரு சின்ன ஏவலாளை உட்காரவைக்கும். பலகை எப்படி இருக்கிறாய் என்று கேட்கும், ஏவலாள் உள்ளே பார்த்துப் பதில் சொல்லும். இதில் ஒரு வசதி வைத்திருந்தார்கள். கேள்வியோடு கூடவே சில வார்த்தைகளையும் சேர்த்து அனுப்பலாம், இந்த அளவுக்குக் கீழே போனால் சொல், இந்தச் சூட்டைத் தாண்டினால் சொல் என்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம், கால் தேயாது. ஆனால் கேட்கிறது யார் என்கிற விவரம் அந்த ஏவலாளுக்குக் கிடையாது. நெட்வொர்க்கில் புகுந்துவிட்ட எவனாவது அந்தக் கூடுதல் வார்த்தைகளில் எல்லாவற்றையும் அழித்துவிடு என்று செருகி அனுப்பினால், சரிங்க என்று அழித்துவிட்டு நிற்கும். இது ஆபத்து என்று கம்பெனியே கையேட்டில் ஏதோ ஒரு மூலையில் எழுதியிருந்தது. எச்சரிக்கை எழுதத் தெரிந்தவனுக்கு அதை மூடி அனுப்பக் கை வரவில்லை. திறந்துபோட்டு அனுப்பியிருந்தான், வேண்டாதவர்கள் மூடிக்கொள்ளுங்கள் என்று.

வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் இந்த வழியாகத்தான் எவனோ நுழைந்தான். ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோதே திரைகள் இருண்டுபோயின. நோயாளிகளை ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள், ஒருவர் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே போய்விட்டார். இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து தாழ்ப்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் ஆஸ்பத்திரியின் அத்தனை கதவும் ஆவென்று திறந்து கிடப்பதாகவே பட்டது. ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும், மூடப்போய் ஏதாவது நின்றுபோனால் யார் பதில் சொல்வது என்று டைரக்டர் இழுத்தடித்தார். இவன் விடவில்லை. போகிற வருகிற இடமெல்லாம் மறித்து, அவர் போதுமப்பா போதும் என்று கையெடுத்துக் கும்பிடுகிற அளவுக்கு நச்சரித்து அனுமதி வாங்கினான்.

இவன் செய்ததில் அதுவரை ஒரு தப்பும் இல்லை. அதை யாரும் மறுக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து எல்லா ஏவலாட்களிடமும் அந்த வசதியை மூடினான். இனி வெளியிலிருந்து வருகிற வார்த்தை எதையும் எடுத்துக்கொள்ளாதே. அப்படி மூடினால், கூடுதல் வார்த்தைகளை நம்பியிருந்த கேள்விகளெல்லாம் திருப்பியனுப்பப்படும். அந்த இயந்திரங்களிடம் நேரில் போய், எந்த அளவில் கத்த வேண்டும் என்பதை அவற்றின் உள்ளேயே எழுதிவைத்துவிட்டு வர வேண்டும். எவையெவை அப்படி என்று யாருக்கும் ஞாபகமில்லை. அதனால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் செய்கிற வேலையைத்தான் அவனும் செய்தான். எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடு, பலகையில் எது சிவப்பாகிறதோ அங்கே ஓடு.

பலகை முழுக்க அம்மை போட்டதுபோல் சிவந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாக ஏறி இறங்கினான். மாலைக்குள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. தொட்டியின் கட்டத்தை அன்றைக்கு எத்தனை தடவை பார்த்திருப்பானோ, அது ஒரு நொடிகூட நிறம் மாறவில்லை. பாப்பாவின் பிள்ளைகளாச்சே, அதற்கு மட்டும் முன்பே உள்ளே எழுதிவைத்திருப்பேன் போலிருக்கிறது என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான். கரு வங்கி அறைக்குள் போக வேண்டுமென்றால் லேப் அக்கா வந்து சாவி போட வேண்டும், கால் கழுவி உடை மாற்ற வேண்டும். பச்சையாக இருக்கிற ஒன்றுக்காக விடுமுறை நாளில் அவளை எதற்கு வரச்சொல்வது. வீட்டுக்குப் போய், பால்கனியைப் பார்த்து, அவள் கேட்பதற்கு முன்னாலேயே பச்சை என்று சொன்னான். அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்து நாளாயிற்று என்று அவள் மாப்பிள்ளையிடம் சொன்னாளாம்.

அந்த வாரமே லேப் அக்காவின் அம்மாவுக்கு முடியாமல் போய், அவள் அவசரமாக ஊருக்குக் கிளம்பினாள். தினமும் காலையில் தொட்டி மூடியைத் திறந்து மர ஸ்கேலை விட்டு, நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அவள் வழக்கம். அந்தப் பொறுப்பை ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருந்த ஒரு பெரியவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவருக்கு அந்தத் தொட்டி என்றாலே உதறல். மூடியைத் திறந்தால் புகை, தெறித்தால் தோல் வெந்துபோகும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அவர் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் வந்ததும் தாழ்ப்பாளுக்குப் போன் போடுவார்.

"சார், தொட்டி?"

"பச்சை."

"அப்ப சரி சார்."

தினமும் இதே பேச்சு. அவரும் திறக்கவில்லை, இவனும் இறங்கிப் பார்க்கவில்லை. ரெண்டு பேருக்கும் நிம்மதி.

அந்தத் தொட்டி தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரிதான், ரெண்டு சுவர், நடுவில் காற்றில்லாத இடைவெளி. அக்கா போன மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அந்த இடைவெளியில் எங்கோ கீறல் விட்டிருக்கிறது. உள்ளே இருந்த நைட்ரஜன் சத்தமில்லாமல் கொதித்துக் கொதித்துப் போயிருக்கிறது. தொட்டிப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும். கேட்டால்தானே சொல்லும். பலகை கூடுதல் வார்த்தையோடு கேட்ட கேள்வியையோ, வெளியார் வார்த்தை எடுக்காதே என்ற உத்தரவுப்படி அது ஒவ்வொரு முறையும் திருப்பியனுப்பிக்கொண்டிருந்தது. பதில் வராததால் பலகை கடைசியாக வந்த பதிலைக் காட்டிக்கொண்டிருந்தது.

லேப் அக்கா அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பிவந்த காலையில் போன் வந்தது. உடனே கீழே வா என்றாள். இவன் கண் தானாகப் பலகைக்குப் போயிற்று.

"என்னக்கா, பச்சையாத்தானே இருக்கு."

"பச்சைய நீயே வச்சுக்க. இங்க வந்து கைய வச்சுப் பாரு."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அவன் படியில் ஓடி இறங்கினான்.

தொட்டியின் மூடி திறந்திருந்தது, புகை வரவில்லை. அக்கா ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், நுனிவரை காய்ந்த மரம். தொட்டியின் வயிற்றில் கை வைத்தான். வெளியே வராந்தாச் சுவர் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அக்கா உள்ளே இருந்த ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினாள். சின்னச் சின்னக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பேர். ஏதோ ஒரு பெண்ணின் பேர், அடுத்தது வேறொருத்தியின் பேர், நாலாவது வரிசையில் பாப்பாவின் பேர். எத்தனை வீட்டுப் பிள்ளைகள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாள் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் அதற்குள் இருப்பதாகவே அவன் நினைக்கவில்லை.

மேலே வந்து பலகைக்கு முன் உட்கார்ந்து, தொட்டிக் கம்ப்யூட்டரிடம் கையாலேயே கேள்வியை அனுப்பினான். மறுக்கப்பட்டது என்று வந்தது. எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். பிறகு அந்தக் கட்டத்தின் அடியைத் திறந்து பார்த்தான். கடைசியாகப் பதில் வந்த தேதி அந்த ஞாயிற்றுக்கிழமை. மேலே தான் எழுதிய நாலு வரி. படித்ததும் ஞாபகம் வந்துவிட்டது, தையல் போட்ட நெற்றி உட்பட.

டைரக்டர் அறையில் அவனையும் அக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தொட்டி உடைந்தது இயந்திரக் கோளாறு, பலகை சிவக்காதது மென்பொருள் கோளாறு, கட்டி அனுப்பின கம்பெனி தலையில் போட்டுவிடலாம் என்று பேசி முடிவாயிற்று. மற்ற குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரியே தகவல் சொல்லும். உன் தங்கையிடம் மட்டும் நீயே சொல்லிவிடு, அதுதான் மரியாதை என்றார் டைரக்டர். நாலு வரியைப் பற்றி அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவன் வாயைத் திறந்து அதைச் சொன்னான்.  அதைக் கேட்டதாக நான் வைத்துக்கொள்ளவில்லை, நீயும் சொன்னதாக வைத்துக்கொள்ளாதே என்றார் டைரக்டர். கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். லேப் அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

ஆக, அவன் தப்பித்துவிட்டான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதுதான் மண்டைக்குள் ஓடியது. கம்பெனி, கீறல், ரத்தப் பரிசோதனைப் பெரியவர் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. அவனும் இப்போதுதான் கேள்விப்பட்டு அழுகிறவனாக அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். அவள் நம்புவாள். அண்ணன் சொன்னதை அவள் நம்பாமல் இருந்ததே கிடையாது.

கேட்டைத் திறந்தபோது பகல் வெயில். அவள் பால்கனியில் அந்தப் பழைய புடவைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணா, இந்நேரத்துக்கே வந்துட்ட? பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

அவன் கேட்டைச் சாத்தினான். கொக்கியைப் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். கீழே இறங்கி வா என்று கையைக் காட்டினான். அவள் கையில் இருந்த துணியோடேயே படியிறங்கி வந்தாள். வரும்போதே முகம் வெளுத்துவிட்டிருந்தது.

போய்விட்டது, மூன்றும் போய்விட்டது என்று சொன்னான். அவள் சாயவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பச்சைன்னு சொன்னியே அண்ணா. நேத்துகூடச் சொன்னியே."

அப்போதும் கம்பெனி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு அவள் விழுந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். நாலு வரி எழுதினதை, அதை மறந்ததை, கதவையெல்லாம் மூடின ஞாயிற்றுக்கிழமையை, தினமும் காலையில் போனில் பச்சை என்று சொன்னதை. நடுவில் நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் மிச்சம் வராது என்று தெரியும்.

"நீ மறுபடி பயந்துடக் கூடாதுன்னுதான் பாப்பா."

 கையில் இருந்த துணியை மடித்தாள், ஈரத்துணியை.

"பயந்தா பயந்துட்டுப் போறாள்னு விட்டிருக்கக் கூடாதா அண்ணா."

  நெற்றியில் பழைய தையல் தழும்பை ஒரு விரலால் தடவிக்கொண்டே திரும்பிப் படியேறினாள். கத்தியிருந்தால், அடித்திருந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருந்தால் அவனுக்கு மூச்சாவது வந்திருக்கும். மேலே போய்க் கதவைச் சாத்தினாள்.

பிறகு அந்தத் தாழ்ப்பாளை இழுக்கிற சத்தம் கேட்டது. பெயிண்ட் பிடித்துக்கொண்டு வரவில்லை. மறுபடி இழுத்தாள். எதையோ எடுத்து வந்து அதன் மேல் தட்டினாள். லேசாக மேலே தூக்கிவிட்டு இழுத்தால் வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அது விழுந்தது.